அறுபத்தோராம் பக்கத்துச் சாட்சி

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோர்ட் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரே வக்கீல் ஹார்லன் பேக், அந்த மனிதர் பிழைத்துவிட்டார். டாலஸ் ஆஸ்பத்திரியில் மூன்று குழாய்களோடு படுத்துக்கொண்டு, சூப்பில் உப்பில்லை என்று நர்ஸிடம் வாதாடிக்கொண்டிருப்பதாகத் தகவல். ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மார்ஷல் ஊர் கோர்ட்டில் எட்டு ஜூரிகளுக்கு முன்னால் அவரால் எழுந்து நிற்க முடியாது. அவருக்குப் பதிலாக நிற்கப் போகிறவள் ரொவீனா டிட்வெல்.

ரொவீனாவுக்கு வயது நாற்பது. ப்ரூவிட் வால்வ் தொழிற்சாலையில் மூன்று வருடம் இஞ்சினியராக இருந்துவிட்டு, இரவு வகுப்பில் சட்டம் படித்து, காப்புரிமை வழக்குகளுக்கு வந்தவள். வக்கீல்களுக்கு வால்வு புரியாது, இஞ்சினியர்களுக்கு ஜூரி புரியாது. இரண்டும் புரிந்த ஒருத்தி கிடைத்ததும் ஹார்லன் அவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். எழுந்து நிற்கத்தான் விடவில்லை. பதினொரு வருடமாக அவள் சீட்டு எழுதி நீட்டுவாள், அவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார், ஜூரி அவரைப் பார்த்துத் தலையாட்டும்.

இப்போது வாய்த்த வழக்கும் லேசுப்பட்டதில்லை. அவளுடைய பழைய முதலாளி கஸ் ப்ரூவிட் ஒரு வளையம் கண்டுபிடித்தார். எண்ணெய்க் கிணற்றில் அழுத்தம் ஏற ஏறத் தானாக இறுகிக்கொள்ளும் வளையம். ஹூஸ்டனில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி அதை அப்படியே செய்து விற்கிறது. கேட்டால், '2003 ஜூலைக் கண்காட்சியிலேயே நாங்கள் வைத்துவிட்டோம்' என்கிறது. கஸ் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தால் காப்புரிமை நிலைக்கும். தொழிற்சாலையில் அறுபத்திரண்டு பேருக்கு வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டும் போகும்.

கண்டுபிடித்தவரே 'நான்தான் முதல்' என்று சொன்னால் சட்டம் ஏற்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த நாளில் ஒவ்வொரு இஞ்சினியரும் பக்க எண் போட்ட தடித்த நோட்டில் தன் வேலையை எழுதி, மிச்ச இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்து, கீழே வேறொருவரிடம் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குவார்கள். கஸ்ஸின் ஏழாம் நோட்டு, அறுபத்தோராம் பக்கம், 2003 மார்ச் பதினேழு. சாட்சி, லாமர் டிட்வெல். ரொவீனாவின் கூடப்பிறந்த அண்ணன், அதே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன்.

அண்ணன் சாட்சி, தங்கை வக்கீல் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? அதனால் லாமர் சம்பந்தப்பட்ட காகிதம் எல்லாவற்றையும் ஹார்லன் தன்னிடமே வைத்துக்கொண்டார். போன வருடம் எதிர்தரப்பு வக்கீல்கள் லாமரை உட்கார வைத்துப் பிரமாணம் வாங்கி, 'இது உங்கள் கையெழுத்தா?' என்று கேட்டபோது பக்கத்தில் இருந்தவரும் ஹார்லன்தான். லாமர் ஆமாம் என்றான். விஷயம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு லாமரும் அவன் மனைவி டார்லீனும் ஓட்டலுக்கு வந்தார்கள். வழக்குக்காகவே மூன்று வாரமாக அந்த ஓட்டலின் கூட்ட அறையைப் பிடித்து வைத்திருந்தார்கள். சுவரோரம் பெட்டிகள், நடுவில் நீள மேஜை, மேஜை மேல் அந்த வால்வு. ரொவீனா அதை நாற்பது நொடியில் பிரித்து மறுபடி பூட்டுவாள். ஜூரிக்கு முன்னால் செய்து காட்ட அவள் வைத்திருந்த வித்தை அது.

டார்லீன் கோழியும் மாவுருண்டையும் போட்ட குழம்பு, வறுத்த வெண்டைக்காய், சோள ரொட்டி, பீச் பழப் பணியாரம் என்று நான்கு பாத்திரம் தூக்கி வந்திருந்தாள். வைக்க இடம் தேடி, கடைசியில் எதிர்தரப்பு நிபுணரின் அறிக்கை மேலேயே குழம்பை இறக்கினாள்.

"உங்க அண்ணனை ரொம்பப் பேச விடாத ரொவீனா. வாயைத் திறந்தா மீன் கதைதான் வரும். ஜூரி எட்டு பேரும் நாளைக்கே தூண்டில் வாங்கக் கிளம்பிடுவாங்க."

"மீன் புடிக்கிறவன் எல்லாம் பொய் சொல்றவன்னு யாரு சொன்னது?" என்றான் லாமர்.

"நான் சொல்லல. நீ புடிச்ச மீனே சொல்லுது."

சாட்சிகளைத் தயார் செய்வதில் ஒரு முறை உண்டு. ஒருவர் எதிரி வக்கீலாக மாறிக் குடைவார், சாட்சி பதில் சொல்லிப் பழகுவார். ரொவீனா எதிரி ஆனாள். அலுவலகத்தின் இளம் வக்கீல் இனெஸ் கான்ட்டு அறுபத்தோராம் பக்கத்தின் நகலைத் திரையில் போட்டாள். நான்கு வருடமாக வேலை பார்க்கும் பெண், ஜூரி முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. லாமர் டையைத் தளர்த்திவிட்டு நன்றாகவே பதில் சொன்னான். இது உங்கள் பெயரா, ஆமாம். உங்கள் கையெழுத்தா, ஆமாம். அன்றைக்கே போட்டதா, ஆமாம் மேடம்.

நகல் மங்கலாக இருந்தது. ஜூரிக்கு அசல் நோட்டையே காட்டினால் நல்லது என்று நினைத்து, கஸ்ஸின் இரும்புப் பெட்டியிலிருந்து வந்த நோட்டை ரொவீனா முதல் முறையாகக் கையில் எடுத்துப் பிரித்தாள்.

கையெழுத்து லாமர் டிட்வெல் என்றுதான் இருந்தது. அவள் கண் போனது தேதிக்கு. பதினேழின் ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. வருடத்தின் பூஜ்யத்தில் ஒரு சாய்கோடு. நகலில் இரண்டும் அழிந்து போயிருந்தன.

கல்லூரியில் வரைபட வாத்தியார் அடித்துச் சொல்லிப் பழக்கிய எழுத்து. ஏழு என்ற எண்ணை ஒன்று என்று படித்து எவனாவது தப்பாகக் கடைந்துவிடக் கூடாது என்பதற்காக. லாமர் கடைசல் பட்டறையில் கைப்பழக்கத்தால் மேலே வந்தவன், கல்லூரி வாசல் மிதித்ததில்லை. அவன் ஏழு எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும்.

அது ரொவீனாவின் ஏழு.

நோட்டை மூடினாள். சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம் என்று இனெஸிடம் சொல்லிவிட்டு, அண்ணனை மட்டும் வெளியே கூட்டிப் போனாள். ஐஸ் மிஷின் கடகடவென்று ஓடும் நடைவழி முனையில் நின்றார்கள்.

"அது என் கை, லாமர்."

லாமர் தெரியாதவன்போல் நடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஞாபகம் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. 2003 ஜூன் ஒன்பது, அவள் தொழிற்சாலையில் சேர்ந்த நாள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை, தேதி பதின்மூன்று. லாமர் கேடோ ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பும் அவசரத்தில் ஒரு அடுக்கு நோட்டை அவள் மேஜையில் போட்டான். மாதக்கணக்கில் சாட்சிக் கையெழுத்து போடாமல் சேர்த்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமையும் பதிமூன்றும் சேர்ந்த நாளில் எதிலாவது கையெழுத்து போட்டால் விளங்காது, நீ என் பேரைப் போட்டுவிடு, கேட்க ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் போட்டாள். மேலே என்ன தேதி இருந்ததோ அதையே கீழேயும் எழுதினாள். நாற்பது பக்கமாவது இருக்கும். இஞ்சினியர் வேலையில் முதல் வாரம். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த வயது.

பின்னால் பதினொரு வருடம், மற்றவர்களின் நோட்டுகளில் இப்படிப்பட்ட பக்கங்களைத் தேடிப் பிடித்து, கோர்ட்டில் கிழித்துத் தோரணம் கட்டுவதே அவள் பிழைப்பாகிப் போனது.

"பிரமாணம் பண்ணி உன்னோடதுன்னு சொல்லியிருக்கியே, ஏன்?"

"வேற என்ன சொல்ல? இல்லைன்னா யாருதுன்னு கேப்பானுங்க. என் தங்கச்சி பொய்க் கையெழுத்து போட்டா, அவதான் இந்தக் கேஸுக்கே வக்கீல்னு சொல்லவா? ராத்திரி எல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சியே பொடிசு, அதுல மண்ணைப் போடவா?"

ரொவீனாவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகையும் வந்தது. இந்த அண்ணன்தான் அவள் வேலையை விட்டுச் சட்டம் படிக்கப் போனபோது ஒரு வருடம் சரியாகப் பேசாதவன். இவன்தான் அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறான்.

"கையெழுத்துதான் உன்னோடது," என்றான் லாமர். "மத்தது எல்லாம் நெஜம். மார்ச்ல கஸ் அதை வரையும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். அதைச் சொன்னா போதாதா?"

போதும். சத்தியமாகப் பார்த்தவன் வாயால் சொன்னால் கையெழுத்தே தேவையில்லை. அவளுக்கு ஒரு நிமிடம் மூச்சு திரும்பி வந்தது. அப்போதுதான் டார்லீன் கையில் தட்டோடு, ஆறிப் போகிறது என்று திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"எந்த மார்ச்சைப் பத்திப் பேசுறீங்க? எங்க பையன் கோடி பொறந்த மார்ச்சா?"

லாமர் அவளைப் பார்த்த பார்வையை அவள் கவனிக்கவில்லை.

"ஏழு மாசத்துல பொறந்த பிள்ளை. ஷ்ரீவ்போர்ட் ஆஸ்பத்திரியில இருபத்தி நாலு நாள். இந்த மனுஷன் ஒரு நாள் கூட வேலைக்குப் போகல. நாற்காலியிலயே தூங்கி, நாற்காலியிலயே சாப்பிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெடந்த புள்ளைக்கு மீன் கதை சொல்லிக்கிட்டிருந்தான். பதினேழாம் தேதிதான் முதல் தடவையா கையில குடுத்தாங்க. எத்தனை சண்டை போட்டாலும் அந்த ஒரு மாசத்துக்காக இவனை மன்னிச்சு விட்டுடுவேன்."

டார்லீன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்னவோ உடைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. தட்டை லாமர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"கஸ் மார்ச்ல வரைஞ்சது நெஜம்," என்றான் லாமர் மெதுவாக. "ஏப்ரல்ல வந்ததும் காட்டினார். கஸ் பொய் சொல்ல மாட்டார்."

"தெரியும்."

கஸ் சொல்வது உண்மை. அந்த உண்மையைத் தாங்க வைத்த கம்புதான் பொய். ரொவீனா வாய் திறக்காமல் இருந்தால் நாளைக் காலை அண்ணன் கூண்டில் ஏறி, அவளே கேட்கும் கேள்விக்கு, அவளுக்குத் தெரிந்தே பொய் சொல்வான். அவள் எழுந்து நிற்பாள், வால்வைப் பிரிப்பாள், ஜூரி அவளைப் பார்த்துத் தலையாட்டும். வாய் திறந்தால், அவள் நாற்காலி போகும், அண்ணன் மானம் போகும். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியாமல் அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

ஹார்லன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். குழாய் குத்திய மனிதரிடம் இதைச் சொல்லலாமா என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜூன் பதிமூணுன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் அவள் தேதி போட்டது பொய். ஆனால் ஜூன் பதின்மூன்றாம் தேதி வளையத்தின் படம் அந்தப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தவள் அவள். நாற்பது பக்கத்தில் படித்துப் பார்த்த பக்கம் அது ஒன்றுதான். அழுத்தம் ஏறினால் பிதுங்காமல் எப்படி இறுகும் என்று புரியாமல், சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரியின் கண்காட்சி ஜூலையில். ஒரு மாதம் முன்னால் பார்த்த சாட்சி ஒருத்தி இருக்கிறாள். ஆனால் சாட்சியாக ஏறுகிறவள் அந்த வழக்கில் வக்கீலாக நிற்க முடியாது.

"நாளைய சாட்சிப் பட்டியல் ஆறு மணிக்கு எதிர்தரப்புக்குப் போகணும்," என்றார் ஹார்லன். "முதல்ல கஸ்ஸைக் கேளு. அவர் கேஸ்." பிறகு, "உன்னை முன்னாடியே எழுந்து நிக்க விட்டிருக்கணும், ரொவீனா. என் தப்பு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கஸ் ப்ரூவிட் மூன்று மணிக்கு வந்தார். எழுபத்தொரு வயது, கை நகத்தில் இன்னும் கிரீஸ். அவள் நோட்டைப் பிரித்து வைத்து, ஏழையும் பூஜ்யத்தையும் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னாள். கஸ் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். அப்புறம் அவருக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. தினமும் கையெழுத்து வாங்காமல் சோம்பேறித்தனமாக விட்ட தன்னைத்தான் அவர் முதலில் திட்டிக்கொண்டார். பிறகு லாமரை, பிறகு அவளை, பிறகு வெள்ளிக்கிழமைகளை.

அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். தேதியைப் பொய்யாகப் போட்டவள் பேச்சை ஜூரி நம்பாமலும் போகலாம். வழக்கு தோற்கலாம். இந்தப் பக்கத்தையே காட்டாமல் வேறு சாட்சி தேடலாம், ஆனால் வேறு சாட்சி இல்லை; ஏப்ரலில் பார்த்தேன் என்று லாமர் சொன்னாலும், பிரமாணம் செய்து பொய் சொன்னவனை யாரும் நம்ப மாட்டார்கள். எது எப்படியோ, லாமர் முன்பு சொன்னதைத் திருத்தி கோர்ட்டுக்கு எழுதியே ஆக வேண்டும்.

"ஜூரி உன்னை நம்புமா?"

"அவங்க இடத்துல நான் இருந்தா, சுலபமா நம்ப மாட்டேன்."

"அந்த வால்வை யாரு பிரிச்சுக் காட்டுறது?" என்று கேட்டார் கஸ். கோபம் எல்லாம் வடிந்து, இதுதான் மிச்சம் இருந்தது.

ரொவீனா இனெஸைப் பார்த்தாள். இனெஸ் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் வால்வைப் பிரிக்க எட்டு நிமிடம் எடுப்பாள், பூட்டும்போது ஸ்பிரிங்கைக் கூரைக்கு விடுவாள்.

கஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "லாமர் ஏறிப் பொய் சொல்ல வேணாம். என் பேர்ல யாரும் பொய் சொல்ல வேணாம். நீயே ஏறு, பொண்ணே." வாசல் வரை போனவர் திரும்பி, "பார்த்தப்போ புரிஞ்சுதா உனக்கு, வளையம் எப்படி இறுகுதுன்னு?" என்று கேட்டார்.

"அதுக்கடுத்த திங்கக்கிழமைதான் புரிஞ்சுது. நீங்களே வந்து விளக்கினீங்க."

"அதையும் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு மணி நேரம் ரொவீனா இனெஸுக்கு வால்வு சொல்லிக் கொடுத்தாள். எட்டு நிமிடம் மூன்றானது. அதற்கு மேல் இறங்கவில்லை. தான் எழுதி வைத்திருந்த தொடக்க உரையை அவளிடம் கொடுத்தாள். பதினொரு வருடமாக மனசுக்குள் எழுதிய உரை, ஆறு பக்கம். இனெஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரொவீனா பட்டியலைத் திறந்தாள். முதல் வரியில் லாமர் டிட்வெல் என்று இருந்ததை அடித்தாள். அங்கே தன் பெயரை எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் விரலை எடுக்கத் தோன்றவில்லை.

"ரொவீனா," என்றாள் இனெஸ் தயங்கித் தயங்கி. "சாட்சிகள் வழக்கைப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசக்கூடாது, மத்தவங்க சாட்சியைக் கேக்கக்கூடாதுன்னு ஜட்ஜ் போட்ட உத்தரவு இருக்கு. இனிமே நீங்களும் சாட்சி. நீங்க இந்த ரூம்ல இருக்கக்கூடாதுன்னு நெனைக்கிறேன்."

சரியாகத்தான் சொன்னாள். ரொவீனாவுக்கு அந்த நிமிடத்திலும் பெருமையாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு, வால்வைத் தொடாமல், அவள் வெளியே வந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் லாமர் தன் பிக்கப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். டார்லீன் உள்ளே, மடியில் காலிப் பாத்திரங்களோடு. அவன் மத்தியானத்திலிருந்தே போகவில்லை.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"

"நீ பட்டியல்ல இல்ல. நான் ஏறுறேன்."

அவன் புரிந்துகொள்ள நேரம் எடுத்தான். "ஏறி என்ன சொல்லப்போறே?"

"அதை உன்கிட்டப் பேசக்கூடாது, லாமர்."

பிறந்ததிலிருந்து அவர்கள் பேசாத விஷயம் இல்லை, சண்டை போட்ட அந்த ஒரு வருடத்தைத் தவிர. ஆனால் அவன் தலையைத்தான் ஆட்டினான். அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம்.

அப்போது இனெஸ் வேகவேகமாக வெளியே வந்தாள். கையில் ஒரு தாள். ரொவீனாவைத் தாண்டி நேராக லாமரிடம் போனாள்.

"மிஸ்டர் டிட்வெல், எதிர்தரப்புப் பட்டியல் வந்துடுச்சு. நாங்க உங்க பேரை எடுத்ததும் அவங்க சேர்த்துட்டாங்க. முதல் பேரே நீங்கதான். ஆளை அனுப்பி சம்மன் குடுக்கப்போறாங்களாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் கஸ் கம்பெனிக்குத்தான் வக்கீல். போன வருஷம் நீங்க பிரமாணம் பண்ணிச் சொன்னதைப் பத்திக் கேப்பாங்க. நாளைக் காலைக்குள்ள உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் பார்த்துக்கிறது நல்லது."

லாமர் சிரித்தான். ஏரியில் மீன் நழுவிப் போகும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

"எனக்கு எதுக்கும்மா வேற வக்கீல்? இதோ நிக்கிறாளே என் தங்கச்சி."

இனெஸ் ரொவீனாவைப் பார்த்தாள். பிக்கப்புக்குள்ளிருந்து டார்லீனும் பார்த்தாள்.

"நான் இல்ல, லாமர்," என்றாள் ரொவீனா.